பெஸ் நகரத்துச் சமையற்கட்டில்

மொராக்கோ தேசத்துப் பெஸ் நகரத்துக்குப் போகிறவர்கள் சாதாரணமாகப் பார்த்துவிட்டு வரும் காட்சிகள் சில உண்டு. முதலாவது, கரவிய்யீன் பள்ளிவாசல். பாத்திமா அல் பிஹ்ரி என்னும் பெண்மணி தம் பிதிரார்ஜிதச் சொத்தைச் செலவிட்டு 859-ஆம் ஆண்டில் அதைக் கட்டுவித்தார் என்று அந்நகரத்தார் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அதை ஒட்டி வளர்ந்த கலாசாலை இன்றும் நடைபெறுகிறது. இரண்டாவது, தோல் பதனிடும் தொட்டிகள். அங்கே ஏறிப் பார்க்கும் மாடியின் வாசற்படியிலேயே பிரயாணிகளின் கையில் ஒரு புதினாக் கொத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். அது மூக்குக்குக் கவசம். மூன்றாவது, நாள் முழுதும் செம்பு தட்டும் ஓசை ஓயாத ஸபாரீன் சதுக்கம்.

இவற்றையெல்லாம் நாமும் பார்த்தோம். ஆயினும் இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றியதன்று. அந்நகரத்தில் மூன்று தினங்கள் மாணாக்கராக உட்கார்ந்து நாம் பாடம் கேட்ட ஒரு வீட்டுச் சமையற்கட்டைப் பற்றியது.

"சமையல் கற்றுக்கொள்வதற்கா கடல் கடந்து அவ்வளவு தூரம் போக வேண்டும்?" என்று நம் வாசகிகளில் சிலர் சிரிக்கக்கூடும். ஒரு தேசத்தின் கோட்டைகளையும் மாளிகைகளையும் கட்டிய அரசர்களின் பெயர்கள் கல்லிலே இருக்கின்றன. ஆனால் அந்த அரசர்களுக்கும் குடிகளுக்கும் தினந்தோறும் ஆக்கிப் போட்ட கைகள் யாருடையவை என்பதற்குக் கல்வெட்டு எங்கும் இல்லை. அதை அறிய விரும்புகிறவர்கள் அடுப்பங்கரைக்குத்தான் போக வேண்டும். இந்த எண்ணத்துடனேயே நாம் போனோம்.

காஸாபிளாங்கா துறைமுகப் பட்டணத்திலிருந்து ரயிலில் சுமார் நான்கு மணி நேரப் பிரயாணம். இருபுறமும் கோதுமை வயல்களும் ஒலிவ மரத் தோப்புகளும் ஓடி மறைகின்றன. ரயில் வந்து நிற்பது புது நகரத்தில். அகன்ற சாலைகள், வரிசை பிசகாத மரங்கள், சிற்றுண்டிச் சாலைகள் எல்லாம் அங்கே உண்டு. மதில் சூழ்ந்த பழைய நகரம் சற்றுத் தொலைவில் பள்ளத்தாக்கில் கிடக்கிறது. இவ்வாறு நகரம் இரண்டானதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1912-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 30-ஆம் தேதி இந்தப் பெஸ் நகரத்தில்தான் ஸுல்தான் ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டு, மொராக்கோவைப் பிரான்ஸின் 'பாதுகாப்பில்' ஒப்படைத்தார். பாதுகாப்பு என்னும் சொல்லுக்கு அகராதி கூறும் பொருள் வேறு, ஏகாதிபத்தியம் கொள்ளும் பொருள் வேறு என்பது நம் நேயர்கள் அறியாததன்று. அந்த ஆட்சியின் முதல் தலைவரான லியோத்தே, பழைய நகரங்களை இடிக்காமல் விட்டு, அவற்றுக்கு வெளியே ஐரோப்பியர்களுக்கென்று புது நகரங்களை எழுப்பச் செய்தார். பழைய மதில்களும் சந்துகளும் அதனால் தப்பின. வசதிகள் மட்டும் மதிலுக்கு வெளியே போய்ச் சேர்ந்தன. 1956-ஆம் ஆண்டில் தேசம் சுதந்திரம் பெறும் வரையில் 44 வருஷங்கள் இந்த நிலை நீடித்தது. அத்தனை காலமும் மதிலுக்கு உள்ளேயிருந்த அடுப்புகள் யாருடைய உத்தரவையும் எதிர்பாராமல் புகைந்துகொண்டுதான் இருந்தன.

பழைய நகரத்தின் சந்துகளில் மோட்டார் வண்டி நுழைய முடியாது. சரக்கெல்லாம் கழுதை முதுகிலும் கோவேறு கழுதை முதுகிலும்தான் போகின்றன. "பாலாக்! பாலாக்!" என்று பின்னாலிருந்து குரல் வந்தால், சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ள வேண்டும். "வழி விடு" என்று அதற்குப் பொருள். அப்படிப்பட்ட ஒரு சந்தின் கோடியில், தெருப் பக்கம் ஜன்னலே இல்லாத ஒரு வீடு. கதவைத் திறந்து உள்ளே போனால் வண்ண ஓடுகள் பதித்த முற்றம், மேலே சதுரமாக ஒரு துண்டு வானம். முற்றத்தின் ஓரத்தில் சமையற்கட்டு. அதுவே நம் பள்ளிக்கூடம்.

நம் உபாத்தியாயினிக்கு வயது அறுபதுக்கு மேல் இருக்கும். எல்லோரும் அவரை 'லல்லா' என்று அழைத்தார்கள். அது மரியாதைக்குரிய பெண்மணிகளை அழைக்கும் சொல். அவருக்கு அரபி மட்டுமே பேசத் தெரியும், வாசிக்கத் தெரியாது. இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க அவருடைய புதல்வி, கலாசாலையில் படித்துத் தேறியவர், தாயார் சொல்வதைப் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் மொழிபெயர்த்துச் சொன்னார். நம்மோடு பாடம் கேட்டவர்கள் மூவர்: வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பிரெஞ்சு என்ஜினீயர், அவருடைய மனைவி, பிரேஸில் தேசத்திலிருந்து வந்த ஓர் இளம் பெண்.

முதல் நாள் பாடம் சந்தையில் ஆரம்பமாயிற்று. ரஸீப் என்னும் அந்தச் சந்தையின் முகப்பிலேயே ஓர் இறைச்சிக் கடையில் ஒட்டகத்தின் தலை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. 'இன்றைக்கு ஒட்டக இறைச்சி புதிது' என்பதற்கு அதுதான் விளம்பரப் பலகை. நாம் மரக்கறி உணவினர் என்பதைப் புதல்வி தாயாரிடம் அப்போதுதான் தெரிவித்தார். லல்லா நம்மை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மகளிடம் ஏதோ கேட்டார். "உடம்புக்கு ஏதாவது வியாதியா என்று கேட்கிறார்" என்று மகள் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தார். வியாதி ஒன்றுமில்லை, பரம்பரைப் பழக்கம் என்று சொன்ன பிறகே அவர் முகம் தெளிந்தது.

மசாலைக் கடையில் சீரகம், இஞ்சிப்பொடி, மஞ்சள், மிளகு, இலவங்கப்பட்டை, சிவந்த இனிப்பு மிளகாய்ப் பொடி எல்லாம் கோபுரம் கோபுரமாகக் குவித்திருந்தன. 'ராஸ் எல் ஹானூத்' என்பது அங்கே புகழ்பெற்ற மசாலைக் கூட்டு. 'கடையின் தலை' என்பது சொற்பொருள். அதாவது கடையில் உள்ளவற்றுள் தலையாயது. இருபதுக்கு மேற்பட்ட சரக்குகள்கூட அதில் சேர்வதுண்டு. எவை, எந்த விகிதம் என்பது கடைக்குக் கடை வேறுபடும் ரகசியம். ஒரு சிறு கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைத்திருந்த குங்குமப்பூ தெற்கே தாலியூவின் மலைச்சரிவுகளில் விளைவது. இலையுதிர் காலத்தில் சூரியன் உதிக்கும் முன்பே பெண்கள் பூப்பறிக்கப் போவார்களாம். ஒரு கிராம் எடைக்கு ஏறக்குறைய 150 பூக்கள் வேண்டும்.

அந்தக் கடை வாசலில் நிற்கும்போது நமக்கு ஒரு வேடிக்கை புலனாயிற்று. மிளகு நம் மலையாளக் கரையைத் தாயகமாகக் கொண்டது. இலவங்கப்பட்டையின் பிறப்பிடம் இலங்கை. தக்காளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. இத்தனை விருந்தாளிகளையும் சேர்த்துக்கொண்டு, 'இது எங்கள் பாட்டி காலத்துச் சமையல்' என்று அவர்கள் சொல்கிறார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. வந்தவற்றையெல்லாம் வீட்டுப் பொருளாக்கிக்கொண்ட திறமை பாட்டியுடையதுதானே!

வீடு திரும்பியதும் 'ஸாலூக்' செய்யக் கற்றோம். கத்தரிக்காயைத் தணலில் சுட்டுத் தோலுரித்து, தக்காளி, பூண்டு, சீரகப்பொடி, மிளகாய்ப்பொடி, கொத்துமல்லி சேர்த்து, ஒலிவ எண்ணெயில் நீர் வற்றும் வரையில் மசித்துக் கிளறுவது. புளியை நீக்கிவிட்டுப் பார்த்தால் நம் வீட்டுக் கத்தரிக்காய்க் கொத்சுவுக்கு இது ஒன்றுவிட்ட சகோதரி என்று சொல்லலாம். ரொட்டியைக் கிள்ளி அதனால் வழித்து உண்ண வேண்டும்.

ரொட்டிக்கு வீட்டில் அடுப்பு இல்லை. காலையிலேயே மாவைப் பிசைந்து வட்டமாகத் தட்டிப் பலகையில் வைத்துத் துணி போர்த்தினார் லல்லா. பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் அதைத் தலையில் தூக்கிக்கொண்டு பேட்டைக்குப் பொதுவான அடுப்புக்கு ஓடினான். 'பர்ரான்' என்று அதற்குப் பெயர். பெஸ் நகரத்தின் பழைய பேட்டைகளில் பள்ளிவாசல், குளிக்கும் விடுதி, நீரூற்று, குழந்தைகள் ஓதும் பள்ளி ஆகியவற்றோடு பொது அடுப்பும் ஒன்றாக இருப்பது வழக்கம். நாமும் பையனைத் தொடர்ந்து போய்ப் பார்த்தோம். குழியில் நின்றுகொண்டு, நீண்ட மரத் துடுப்பால் ரொட்டிகளை உள்ளே தள்ளுவதும் வெளியே இழுப்பதுமாக இருந்தார் அடுப்புக்காரர். எது எந்த வீட்டு ரொட்டி என்பதை அவர் ஒருபோதும் கேட்பதில்லை. தட்டிய கையின் அடையாளம் அவருக்குத் தெரியும். வீட்டுக்கு வீடு வாயு அடுப்புகள் வந்துவிட்டமையால் இத்தகைய அடுப்புகள் குறைந்து வருகின்றன. அடுப்பு அணைந்தால், தன் பேட்டையின் ரொட்டிகளையெல்லாம் முகம் தெரிந்த மனிதரைப்போல் அறிந்துவைத்திருக்கும் ஒருவருடைய அறிவும் அதனோடு போய்விடும்.

இரண்டாம் நாள் பாடம் 'தாஜின்'. பாத்திரத்துக்கும் பண்டத்துக்கும் ஒரே பெயர். அடியில் அகன்ற மண்தட்டு, மேலே கூம்பிய தொப்பி போன்ற மண்மூடி. காய்களை அடுக்கி, மிகச் சிறிதளவு நீர் விட்டு, கரியடுப்பின் மெல்லிய தணலில் வைத்துவிட வேண்டும். எழும் ஆவி கூம்பின் சுவரில் பட்டுக் குளிர்ந்து, துளித்துளியாக மறுபடியும் காய்மேலேயே இறங்குகிறது. தண்ணீர் அரிதான தேசத்தில் ஒரே நீரைத் திரும்பத் திரும்ப வேலை வாங்கும் உபாயம் இது. வெங்காயம், உருளைக்கிழங்கு, காரட், பட்டாணி இவற்றின் நடுவே ஒலிவக் காய்களும், உப்பில் ஊறிய எலுமிச்சையும்.

அந்த எலுமிச்சையைப் பற்றி ஒரு வார்த்தை. பழத்தை நான்காகப் பிளந்து, அடிப்பக்கம் பிரியாமல் உப்பைத் திணித்து, ஜாடியில் அமுக்கி, அதன் சாற்றிலேயே ஒரு மாதத்துக்குக் குறையாமல் ஊறவிடுகிறார்கள். மிளகாயும் எண்ணெயும் கிடையாது. சமையலுக்கு வேண்டியது பெரும்பாலும் தோல் மட்டும். நம் வீடுகளில் காய்ச்சல்காரர்களுக்குக் கஞ்சியோடு கொடுக்கும் உப்பு எலுமிச்சங்காயை அந்தத் தாஜினின் மத்தியில் எதிர்பாராமல் சந்தித்தபோது, வெளிநாட்டு ரயில் நிலையத்தில் சொந்த ஊர்க்காரரைப் பார்த்தாற்போல் இருந்தது.

என்ஜினீயர் தம்முடன் ஒரு சிறிய தராசும் குறிப்புப் புத்தகமும் கொண்டுவந்திருந்தார். "சீரகம் எத்தனை கிராம்?" என்று கேட்டார். லல்லா மூன்று விரல்களைக் குவித்துக் காட்டினார். "அடுப்பில் எத்தனை நிமிஷம்?" என்றார். "வாசனை முற்றத்தின் அந்தக் கோடிக்குப் போகும் வரையில்" என்று பதில் வந்தது. என்ஜினீயருக்கு இது திருப்தி அளிக்கவில்லை. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் மூடியைத் தூக்கிப் பார்த்தார். மூன்றாவது தடவை லல்லாவின் மரக்கரண்டி அவருடைய மணிக்கட்டில் இலேசாகத் தட்டியது. "அடைகாக்கும் கோழியை எழுப்பி முட்டையை எண்ணுகிறாரே என்கிறார் அம்மா" என்று மகள் மொழிபெயர்த்தார். என்ஜினீயரின் மனைவி சிரித்த சிரிப்பைப் பார்த்தால், அவர் வெகு வருஷங்களாக இந்த வார்த்தைக்குக் காத்திருந்தவர் போலிருந்தது.

சமையலுக்கு அந்தப் பிரதேசத்தில் ஏடு இல்லாமல் போகவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே ஸ்பெயினின் மூர்ஸியா நகரைச் சேர்ந்த இப்னு ரஸீன் என்னும் அறிஞர் ஒரு பெரிய பாகசாஸ்திர நூல் இயற்றியிருக்கிறார். குஸ்குஸ் செய்யும் முறைகளும் அதில் உள்ளன. கிறிஸ்தவ அரசர்கள் ஸ்பெயினைப் பிடித்தபோது அங்கிருந்த முஸ்லிம்களும் யூதர்களும் கூட்டங் கூட்டமாக வட ஆப்பிரிக்காவில் குடியேறினார்கள். 1492-இல் கிரானடா வீழ்ந்த பிறகு வந்தவர்களில் பலர் பெஸ் நகரத்தைத் தஞ்சம் அடைந்தனர். அவர்களுடைய நாகரிகத்தின் சாயல் அந்நகரத்துச் சமையலில் படிந்திருக்கிறது என்பார்கள். ஆனால் நூல்களை எழுதியவர்கள் கற்றறிந்த ஆடவர்கள். அடுப்பருகே நின்றவர்களோ பெரும்பாலும் ஓர் எழுத்தும் அறியாத ஸ்திரீகள். அவர்கள் அறிந்ததெல்லாம் கைவிட்டுக் கையாகவே வந்தது.

மாலையில் தேநீர். சீனத்துப் பச்சைத் தேயிலையை வெள்ளிக் கெண்டியில் இட்டு, முதலில் சிறிது வெந்நீர் ஊற்றி அலசி, கைநிறையப் புதினாவும், கூம்பாக வார்த்த வெல்லக்கட்டி போன்ற சர்க்கரையிலிருந்து உடைத்த பெரிய கட்டியும் சேர்க்கிறார்கள். பிறகு கையை உயரத் தூக்கிச் சிறு கண்ணாடிக் குவளைகளில் நுரை பொங்க ஊற்றுகிறார்கள். இதுவே மொராக்கோவின் தேசீய பானம். ஆனால் சாதாரண ஜனங்களிடையே இது பரவியது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். 1853 முதல் 1856 வரையில் நடந்த கிரிமியா யுத்தத்தினால் வழக்கமான சந்தைகளை இழந்த பிரிட்டிஷ் வியாபாரிகள், கையிலிருந்த சீனத் தேயிலையைத் தாஞ்சியர், மொகதோர் துறைமுகங்களில் கொண்டுவந்து தள்ளினார்கள். வியாபாரி சரக்கைக் கொண்டுவந்தான். புதினாவையும், விருந்தினரை உட்காரவைத்து மூன்று குவளை பருகச் செய்யும் உபசாரத்தையும் மொராக்கோ மக்கள் தாங்களே சேர்த்துக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. அன்று ஜும்மாத் தொழுகைக்குப் பிறகு வீடுதோறும் குஸ்குஸ்தான் உணவு. கடையில் ஆயத்தமாக விற்கும் குஸ்குஸை வாங்கிக்கொள்வதே இப்போது பெரும்பாலான வீடுகளில் வழக்கம். லல்லாவோ கையால் உருட்டுவதைக் கற்பிக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். 'கஸா' என்னும் அகன்ற தாம்பாளத்தில் கோதுமை ரவையைப் பரப்பி, உப்பு நீரை விரல் நுனியால் தெளித்து, மெல்லிய மாவைத் தூவி, உள்ளங்கையை வட்டமாகச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சற்று நேரத்தில் ரவை மணிமணியாகத் திரள்கிறது. சல்லடையில் சலித்துப் பெரியதையும் சிறியதையும் பிரிக்கிறார்கள். "பிஸ்மில்லா" என்று சொல்லித் தொடங்கிய கை அரைமணி நேரம் ஓயவில்லை. நம் நால்வருடைய கைகளும் ஓய்ந்து நெடுநேரம் ஆகிவிட்டது.

பிறகு வேகவைத்தல். அடிப்பானையில் பூசணி, காரட், நூல்கோல், முட்டைக்கோஸ், சுரை இனத்துக் காய், கத்தரி, தக்காளி ஆகிய ஏழு காய்களும் கொண்டைக்கடலையும் கொதிக்கின்றன. அதன்மேல் கண்ணுள்ள பாத்திரத்தில் குஸ்குஸ். இரண்டும் சேரும் விளிம்பில் மாவுப்பசை தடவிய துணியைச் சுற்றி, ஆவி பக்கத்தில் கசியாமல் அடைக்கிறார்கள். நம் இட்லிக் கொப்பரையின் தத்துவந்தான். ஆனால் ஒரே தடவையில் முடிவதில்லை. ஆவி வந்ததும் தாம்பாளத்தில் கொட்டி, குளிர்ந்த நீர் தெளித்து, விரல்களால் உதிர்த்து, எண்ணெய் தடவி, மறுபடியும் ஏற்ற வேண்டும். இவ்வாறு மூன்று முறை. கொதிக்கும் குஸ்குஸை வெறுங் கையால் உதிர்க்கும்போது லல்லாவின் முகத்தில் சுளிப்பே இல்லை. "அம்மாவின் கைக்குச் சூடு தெரியாது" என்றார் மகள். சற்றுப் பொறுத்து, "தெரியாமல் போய்விட்டது" என்று திருத்திக்கொண்டார்.

இரண்டாவது தடவை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தபோதுதான் லல்லா தம் கதையைச் சொன்னார். அவர் மலைக் கிராமத்தில் பிறந்தவர். ஒன்பதாவது வயதில் தகப்பனார் அவரைப் பெஸ் நகரத்து ஒரு பெரிய வீட்டில் வேலைக்கு விட்டுவிட்டுப் போனார். சம்பளம் மாதந்தோறும் தகப்பனாருக்குப் போயிற்று. சமையற்கட்டில் அதிகாரம் செலுத்திய கிழவி ஒரு 'தாதா'. நம் 'தாதி' என்ற சொல்லைக் காதுக்கு நினைவூட்டும் இந்தப் பெயர், மொராக்கோவின் செல்வர் வீடுகளில் சமைத்தும் குழந்தைகளை வளர்த்தும் வந்த கறுப்பினப் பெண்களைக் குறிப்பது. ஸஹாராவுக்குத் தெற்கேயிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும் அவர்களுடைய சந்ததியாரும் அவர்களில் பலர். பகிரங்க அடிமைச் சந்தை பிரெஞ்சு ஆட்சியின் காலத்தில் தடுக்கப்பட்டது. மூடிய கதவுகளுக்குள்ளே அந்த வழக்கம் அவ்வளவு சீக்கிரம் மறையவில்லை. 1940-இல் இதே பெஸ் நகரத்தில் பிறந்த சமூகவியல் அறிஞர் பாத்திமா மெர்னிசி, தம் இளமைப் பருவத்தைக் குறித்து 1994-இல் வெளியிட்ட நூலில், குழந்தைப் பருவத்தில் கடத்தப்பட்டு அடிமையாக விற்கப்பட்ட மினா என்னும் பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறார்.

"தாதா எனக்கு எதையும் சொல்லிக் கொடுத்ததில்லை. அவள் கையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தப்பாகச் செய்தால் என் கையைத் தட்டுவாள். சரியாகச் செய்தால் ஒன்றும் சொல்லமாட்டாள்" என்றார் லல்லா. அந்த வீட்டில் அவர் முப்பது வருஷம் சமைத்தார். விருந்தாளிகள் புகழ்ந்ததெல்லாம் வீட்டு எஜமானியைச் சேர்ந்தது. குஸ்குஸ் தாம்பாளத்தைச் சுற்றிக் குடும்பத்தார் உட்காருவார்கள். அவருக்கு அந்த வட்டத்தில் இடமில்லை. எல்லோரும் எழுந்த பிறகு சமையற்கட்டில்தான் சாப்பாடு.

மகள் பிறந்ததும் லல்லா ஒரு சபதம் செய்துகொண்டாராம். அந்தப் பெண் அடுப்பங்கரையில் கால் வைக்கக்கூடாது! வெங்காயம் நறுக்க வந்தால்கூடப் புத்தகத்தைக் கையில் கொடுத்து விரட்டிவிடுவார். அப்படியே பெண் படித்தாள், தேறினாள், நல்ல வேலையும் கிடைத்தது. "ஆனால் எனக்கு ஒரு முட்டை பொரிக்கத் தெரியாது" என்று மகள் சொன்னபோது, தாயும் மகளும் சேர்ந்து சிரித்தார்கள். இந்தச் சமையல் வகுப்பை ஆரம்பிக்கலாம் என்று யோசனை சொன்னவர் மகளே. மொழிபெயர்க்கிற சாக்கில் ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் அவர் குறிப்பெடுத்து வருகிறார். தாயார் மூன்று விரலால் எடுத்த சீரகத்தை, யாரும் பாராத சமயத்தில் என்ஜினீயரின் தராசில் நிறுத்து அவர் எழுதிக்கொண்டதை நாம் கவனித்தோம்.

நமக்கு அப்போது ஒரு சந்தேகம் எழுந்தது. மகளை அடுப்பிலிருந்து காப்பாற்றியது தாய்க்கு வெற்றி. ஆனால் அந்த வெற்றியினாலேயே, கைவிட்டுக் கையாக வந்த ஒரு வித்தை, சொந்தப் பெண்ணைத் தாண்டி, பணம் கொடுத்து மூன்று நாள் தங்கும் அந்நியர்களுக்கல்லவா போகிறது? இதை லல்லாவிடமே கேட்டோம். அவர் யோசிக்கவே இல்லை. "நான் கற்றது பயத்தினால். என் பெண் கற்பது ஆசையினால். மெதுவாகத்தான் வரும், வரட்டுமே" என்றார்.

ஒன்பது வயதுப் பெண்ணை வேலைக்கு விடும் வழக்கத்தைத் தடுக்க இப்போது சட்டம் இருக்கிறது. 2018-இல் அமலுக்கு வந்த அந்தச் சட்டம், வீட்டு வேலைக்கு அமர்த்துவதற்குக் குறைந்த வயது பதினெட்டு என்று விதித்தது. முதல் ஐந்து வருஷங்களுக்கு மட்டும் பதினாறு வயது நிரம்பியவர்களைச் சில நிபந்தனைகளோடு அனுமதித்தது. சட்டம் கதவு வரையில் வரும். கதவுக்கு உள்ளே நடப்பதற்கு வீட்டாரின் மனச்சாட்சியே போலீஸ்.

மூன்றாவது ஆவியும் வந்தது. குஸ்குஸைத் தாம்பாளத்தில் மலைபோல் குவித்து, நடுவே குழி பறித்துக் காய்களை வரிசையாகச் சாய்த்து, மேலே குழம்பை ஊற்றினார் லல்லா. நமக்காக அன்று ஆட்டிறைச்சி சேர்க்கவில்லை. "ஆடு இல்லாத வெள்ளிக்கிழமையா என்று அயல் வீட்டார் கேட்டால், இந்துஸ்தானத்திலிருந்து விருந்தாளி வந்திருக்கிறார் என்று சொல்லிவிடுவேன்" என்றார். பிறகு எல்லோரும் ஒரே தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்தோம். லல்லாவும் உட்கார்ந்தார். அவரவர் தம் எதிரே உள்ள பங்கைத்தான் உண்ண வேண்டும். பிறர் பக்கம் கை நீட்டுவது மரியாதையன்று. நல்ல காய் கிடைத்தால் அதைப் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளிவிடுவது பண்பு. லல்லா பூசணித் துண்டை நம் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார்.

குஸ்குஸைப் பற்றி இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். அல்ஜீரியாவுக்கும் மொராக்கோவுக்கும் இடையிலுள்ள தரை எல்லை 1994-இல் மூடப்பட்டது. 2021-இல் அல்ஜீரியா தூதர் உறவையும் துண்டித்துக்கொண்டது. இவற்றுக்கு நடுவே, 2020 டிசம்பரில், அல்ஜீரியா, மாரிட்டேனியா, மொராக்கோ, துனீஸியா ஆகிய நான்கு தேசங்களும் சேர்ந்து அளித்த விண்ணப்பத்தின்பேரில், குஸ்குஸ் ஆக்கும் அறிவையும் பழக்கவழக்கங்களையும் மனிதகுலத்தின் கலாசாரச் செல்வங்களில் ஒன்றாக யுனெஸ்கோ ஸ்தாபனம் ஏற்றுக்கொண்டது. ராஜதந்திரிகள் ஒரே மேஜையில் உட்கார மறுத்த காலத்திலும், பாட்டிமார்களின் தாம்பாளம் நான்கு தேசத்தாரையும் ஒரே காகிதத்தில் கையெழுத்துப் போட வைத்துவிட்டது.

விடைபெறும்போது மகள் நமக்கெல்லாம் ஆளுக்கொரு நற்சாட்சிப் பத்திரம் கொடுத்தார். பிரெஞ்சிலும் அரபியிலும் அச்சிட்டது. கீழே உபாத்தியாயினியின் கையொப்பத்துக்கு இடம் விட்டிருந்தது. மொராக்கோவில் 2000-ஆம் ஆண்டு முதல் பள்ளிவாசல்களில் முதியவர்களுக்கு எழுத்தறிவு வகுப்புகள் நடந்து வருகின்றன. லல்லாவும் சில மாதங்களாக அதில் சேர்ந்து படிக்கிறாராம். நூலை வாசிக்க இன்னும் வரவில்லை. தம் பெயரை எழுத வந்துவிட்டது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, பேனாவை வாங்கி, வலமிருந்து இடமாக ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். அரைமணி நேரம் ஓயாமல் ரவையை உருட்டிய கை, நான்கு எழுத்துக்கு வெகு நேரம் எடுத்துக்கொண்டது. நால்வருக்கும் நான்கு தடவை எழுதினார். என்ஜினீயர் ஒரு முறைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

நம் வாசகிகளுக்கு ஒரு விண்ணப்பம். ஸாலூக் செய்முறையை மேலே கூறியிருக்கிறோம். நல்ல கத்தரிக்காய் கிடைக்கும் நாளில் செய்து பாருங்கள். அதோடு இன்னொன்றும் செய்யலாம். உங்கள் வீட்டுக் கைப்பக்குவங்களில் எது யாரிடமிருந்து வந்தது என்று விசாரித்து, அந்தப் பெயரைச் செய்முறையின் பக்கத்தில் எழுதி வையுங்கள். மாமியாராயிருந்தாலும் சரி, அத்தையாயிருந்தாலும் சரி, முப்பது வருஷம் உழைத்துவிட்டுப் போன சமையற்காரம்மாளாயிருந்தாலும் சரி. அளவு தெரியாவிட்டால் பாதகமில்லை, பெயர் இருக்கட்டும்.